பொலன்னறுவைக் கல்லெழுத்து

ஊர் காணச் செல்வோர் பலர். ஊரைக் கற்கச் செல்வோர் சிலரே. தெமட்டகொடையைக் கடந்து, மாகோ, கல்லோயாச் சந்திகள் வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையிலே பொலன்னறுவை என்னும் சிறு நகர் உளது. 1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோவினால் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பெற்ற இத்தொன்னகர், தமிழறிந்த மாணவர்க்குச் சிறந்ததொரு கல்விக்கூடமாகும்.

பதினோராம் நூற்றாண்டிலே சோழர் இந்நகருக்கு ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டனர். அக்காலத்துக் கற்கோயிலாகிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிலைபெற்றுள்ளது. 1070இல் முதலாம் விசயபாகு சோழராட்சியை அகற்றினான். அவன் காலத்துக்குப் பின்னர், புத்தபிரானின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் உறுதி பூண்டு, அதனைத் தமிழிலே கல்லிற் பொறித்தனர். அக்கல் அட்டதாகே என்னும் கட்டடத்தின் அருகே நிற்கின்றது. ஆட்சி மாறியும் தமிழ் அகலவில்லை. பௌத்தரின் புனிதப் பொருளுக்கு அது காவற்சான்றாயிற்று. இதனை நேரிற் படித்தவன் பொலன்னறுவையை ஓரினத்தாரின் தனியுடைமையாகக் கருதான்.

இவ்வெழுத்தைப் படித்தற்குச் சிறிது பயிற்சி வேண்டும். மெய்களுக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். வடசொற்களிற் கிரந்தம் விரவி வரும். புறப்படுமுன் கொழும்பு அரும்பொருட்சாலையில், பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளையும் காண்க. அவை இருந்த கோயில்களை அதன்பின் காணும்போது வெறுஞ்சுவர்களும் பொருள் தரும். அறிந்து செல்க, படித்துக் குறித்து மீள்க. மாணவர்க்கு உரிய யாத்திரை அதுவே.