காபி மெஷினில் விளக்கு மின்னுகிறதா?

உடனே மெக்கானிக்கைத் தேட வேண்டாம். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் பட்டன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தண்ணீர் சூடாகிறது என்றுதான் பொருள். நிலையாக எரிந்தால் தயார்.

தொட்டி நிரம்பியிருந்தும் தண்ணீர் விளக்கு அணையவில்லையா? தொட்டியைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பிறகும் எரிந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். நீராவிக் குழாய் இருந்தால் அதன் வழியாக ஒரு டம்ளர் சுடுநீர் இறக்கிப் பாருங்கள்.

ஜோலார்பேட்டைப் பக்கம் அதிகம் படுத்துவது உப்பு நீக்கும் விளக்குதான். பாலாற்றுப் படுகையில் போர் தண்ணீர் கடினமானது. தோல் பதனிடும் ஆலைக் கழிவு பல இடங்களில் உப்பை இன்னும் கூட்டிவிட்டது. சூடாகும்போது அது வெள்ளையாக ஹீட்டரில் படியும். கம்பெனி திரவம் கிடைக்காவிட்டால், கையேடு அனுமதித்தால், லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டலாம். பிறகு இரண்டு தொட்டி வெறும் தண்ணீர். வினிகர் வேண்டாம், வாடை லேசில் போகாது. இந்த விளக்கு பல மெஷின்களில் உப்பை அளப்பதில்லை, ஓடிய தண்ணீரைத்தான் கணக்கிடுகிறது. ஆகவே செட்டிங்கில் நீரின் கடினத்தன்மையை உயர்த்தி வையுங்கள், சுத்தம் செய்யும் சுற்றைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

போர் தண்ணீருக்குப் பதில் காவிரிக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது நல்லது. 2019 ஜூலையில் சென்னை தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது இங்கிருந்து ரயிலேறிப் போனதும் அந்தக் காவிரிதான்!

சிக்கரி கலந்த தூளை எஸ்பிரெஸோ மெஷினில் போடாதீர்கள், சல்லடை அடைக்கும். அதற்குப் பித்தளை பில்டர் போதும்.