மகனுக்கும் இந்தத் தடுப்பூசி வேண்டுமா?
அன்னையர் குழுக்களுக்கான சுகாதாரப் பாடம்

2017 ஆம் ஆண்டு முதல் எமது நாட்டின் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாக ஏற்றப்படுகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து அவர்களைக் காப்பதே இதன் நோக்கம். கற்பிட்டியிலும் முந்தலிலும் சிலாபத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைகளுக்கே வந்து இதனை ஏற்றுகின்றனர். ஆனால் அதே வகுப்பில் அடுத்த வாங்கில் இருக்கும் ஆண்பிள்ளையைப் பற்றி நாம் பேசுவதில்லை. "பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் போடுற ஊசி, இவனுக்கு என்னத்துக்கு?" என்பதுடன் பேச்சு முடிந்துவிடுகின்றது.

இந்தக் கேள்விக்குச் சரியான பதிலை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இப்பாடத்தை எழுதுகின்றோம். கத்தோலிக்க, இந்து, முஸ்லிம் தாய்மார் ஒன்றாகக் கூடும் கிராமக் குழுக்களிலும் இதைப் பயன்படுத்தலாம். நோய் மதம் பார்த்து வருவதில்லை.

1. இந்த வைரசு என்ன செய்கின்றது?

எச்.பி.வி. என்பது மனிதரின் தோலிலும் உட்புறச் சவ்வுகளிலும் தொற்றும் ஒரு வைரசுக் குடும்பம். இதில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. கையில் தோன்றும் சாதாரண பாலுண்ணியும் இக்குடும்பத்து வைரசினாலேயே வருகின்றது. சில வகைகள் பாலுறவின் போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகின்றன. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை வென்றுவிடும். சிலரில் மட்டும் அது உள்ளே தங்கி, 15, 20 ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படும்.

16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் 100க்கு 70 பங்குக்குக் காரணமாகும். 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 350,000 பெண்கள் இந்நோயால் இறந்தனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். வைரசுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 2008 இல் நோபல் பரிசு பெற்றார். 2006 இல் தடுப்பூசி பாவனைக்கு வந்தது.

2. ஆண்பிள்ளைக்கு இதில் என்ன தொடர்பு?

இரண்டு வகையில் தொடர்பு உண்டு.

முதலாவது, ஆணுக்குக் கருப்பை இல்லை. ஆனால் வைரசு அவனிலும் தங்கும். ஆண்குறி, மலவாசல், தொண்டையின் உட்பகுதி ஆகிய இடங்களில் இதே வைரசு புற்றுநோயை உண்டாக்கலாம். பாலுறுப்புகளில் தோன்றும் பாலுண்ணிகளும் இதனால் வருபவையே.

இரண்டாவது, ஒரு வீட்டு மகன் நாளை இன்னொரு வீட்டு மகளுக்குக் கணவனாவான். அவன் அறியாமலே சுமந்துவரும் வைரசு அவளைத் தாக்கலாம். உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வலையின் இரண்டு பக்கக் கயிறுகளையும் இரண்டு கூட்டத்தினர் இழுத்தால்தான் மீன் மடிக்குள் சேரும். இந்நோயைக் கட்டுப்படுத்துவதும் பெண்ணின் பொறுப்பு மட்டுமன்று.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் தவிர்க்க வேண்டும். எமது நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்கு முக்கிய காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை, புகைத்தல், மதுபானம் ஆகியவை. இரவு முழுதும் கடலில் விழித்திருக்க வெற்றிலை போடும் பழக்கம் எமது மீனவரிடம் உண்டு. இந்த ஊசி வெற்றிலையால் வரும் புற்றுநோயைத் தடுக்காது. மகனுக்கு ஊசி போட்டாலும் புகையிலையை அவன் வாயில் வைக்காதிருக்கப் பழக்குவது பெற்றோரின் கடமையாகவே இருக்கும்.

3. அரசாங்கம் ஏன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கின்றது?

இது ஆண்பிள்ளைகளைப் புறக்கணிக்கும் செயல் அன்று. கிடைக்கும் மருந்தும் பணமும் அளவானவை. இவ்வைரசினால் அதிகம் இறப்பவர்கள் பெண்கள். எனவே அவர்களை முதலில் காப்பது நியாயமானதே. அதோடு, ஓர் ஊரில் 100 சிறுமியரில் 80க்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசி கிடைத்தால் வைரசு பரவும் வழி குறைந்து, ஊசி போடாத ஆண்பிள்ளைகளும் பெருமளவில் பாதுகாக்கப்படுகின்றனர். இதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் 9 முதல் 14 வயதுச் சிறுமியரை முதல் இலக்காகவும், ஆண்பிள்ளைகளை இரண்டாம் இலக்காகவும் வைத்திருக்கின்றது.

எமது நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ருபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்துக்கான ஊசி 1996 இல் தொடங்கியபோது பெண்களுக்கே ஏற்றப்பட்டது. இன்று தாய்மாராக உள்ள பலர் பாடசாலையில் அதைப் பெற்றவர்கள். கருவிலுள்ள குழந்தையை ஊனமாக்கும் நோய் என்பதால் அவ்வாறு தொடங்கினர். 2001 முதல் மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, ருபெல்லா ஊசி வழங்கப்பட்டது. 2020 இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. பெண்களோடு தொடங்கிய பணி, ஆண்களும் சேர்ந்தபின் நிறைவு பெற்றது.

எச்.பி.வி. ஊசியிலும் பல நாடுகள் இவ்வழியில் சென்றுள்ளன. அவுஸ்திரேலியா 2007 இல் சிறுமியருடன் தொடங்கி 2013 இல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்தது. பிரித்தானியா 2008 இல் தொடங்கி 2019 இல் சேர்த்தது. எமது தெற்காசியாவில் பூட்டான் 2010 இல் சிறுமியருடன் தொடங்கி, பின்னர் ஆண்பிள்ளைகளுக்கும் விரிவாக்கியது.

4. ஏன் இந்தச் சிறு வயதில்?

தடுப்பூசி வைரசு உடலில் நுழையுமுன் போடப்பட வேண்டும். நுழைந்த வைரசை அது வெளியேற்றாது. மேலும் 9 முதல் 14 வயதில் உடல் மிக நன்றாக எதிர்ப்புச் சக்தியை உருவாக்குகின்றது.

எமது கரையோரத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. 14, 15 வயதில் பாடசாலையை விட்டுக் கடலுக்குப் போகும் பையன்கள் இன்னும் இருக்கின்றனர். பருவம் மாறும்போது குடும்பத்தோடு வேறு கரைக்குச் சென்று வாடி போடுவோரும் உண்டு. பாடசாலையில் இல்லாத பிள்ளையைச் சுகாதார ஊழியர் தேடிப் பிடிப்பது கடினம். பெண்பிள்ளைகளின் இரண்டாவது ஊசி தவறுவதற்கும் இதுவே காரணமாகலாம். வாடிக்குப் புறப்படுமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் ஊசி அட்டையைக் காட்டி, அடுத்த திகதியைக் கேட்டறிய வேண்டும். தாய் வெளிநாட்டில் வேலை செய்தால் பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

5. தாய்மார் கேட்கும் சில கேள்விகள்

பிள்ளை பிற்காலத்தில் மலடாகிவிடுமா?
இல்லை. இந்த ஊசியில் உயிருள்ள வைரசு கிடையாது. அதன் வெளிக்கூட்டைப் போன்ற புரதம் மட்டுமே உண்டு. உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்கு இது போடப்பட்டுள்ளது. மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் எத்தொடர்பும் காணப்படவில்லை. மாறாக, கருப்பைக் கழுத்தில் நோய் வந்தபின் செய்யப்படும் சிகிச்சையே சில பெண்களின் தாய்மையைப் பறிக்கின்றது.

என்ன பக்க விளைவுகள் வரும்?
ஊசி போட்ட கையில் நோவு, வீக்கம், சிறு காய்ச்சல், தலையிடி வரலாம். ஓரிரு நாளில் மாறிவிடும். சில பிள்ளைகள் பயத்தில் மயங்குவதுண்டு. அன்று காலை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வதந்தியால் என்ன கெட்டுவிடும்?
யப்பான் நாட்டைப் பாருங்கள். 2013 இல் பக்க விளைவுகள் பற்றிய அச்சத்தினால் அரசு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. பெரும்பாலான சிறுமியர் ஊசியின்றியே வளர்ந்தனர். அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று கண்டு 2022 இல்தான் மீண்டும் பரிந்துரைத்தது. இடையில் போன ஆண்டுகள் அச்சிறுமியருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

6. இது ஒழுக்கக் கேட்டுக்கு அனுமதி ஆகாதா?

விசுவாசமுள்ள தாய்மார் மனதில் எழும் கேள்வி இது. 2008 இல் கனடாவின் கல்கரி நகரில் கத்தோலிக்க பாடசாலைச் சபை இதே காரணத்துக்காகத் தன் பாடசாலைகளில் ஊசி போட இடமளிக்கவில்லை. 2012 இல் அதே சபை மறுபடி ஆராய்ந்து அனுமதி அளித்தது.

திருமணத்துக்கு முன் கற்பு, திருமணத்தில் பிரமாணிக்கம் என்ற திருச்சபையின் போதனையை நாம் ஒருபோதும் குறைத்துச் சொல்வதில்லை. ஆனால் மூன்று உண்மைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தூய்மையாக வாழ்ந்த மனைவிக்கும் கணவனின் கடந்த காலத்திலிருந்து நோய் வரலாம். வன்செயலுக்கு உள்ளாகும் பிள்ளை, அது ஆணாயினும் பெண்ணாயினும், அதைத் தெரிந்துகொள்வதில்லை. ஊசி பெற்ற பிள்ளைகளின் நடத்தை அதனால் மாறவில்லை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏற்புவலி ஊசி போட்டதால் எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று ஆணியில் மிதிப்பதில்லை. உடலைக் காப்பது ஊசியின் வேலை. மனச்சான்றை உருவாக்குவது வீட்டின் வேலை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

ஆகவே மகனோடு பேச வேண்டும். தன் உடலையும் பெண்ணின் உடலையும் மதிக்க வேண்டும் என்பதை அவன் கைத்தொலைபேசியிலிருந்து கற்கக் கூடாது. பெற்றோரிடமிருந்து கற்க வேண்டும். இதில் தகப்பனுக்கும் பங்குண்டு. கடலுக்குப் போகாத ஞாயிறு அதற்கு உகந்த நாள். தலவில் திருத்தலத்தில் நாம் வணங்கும் புனித அன்னம்மாள் தன் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சித்திரிக்கப்படுகின்றார். மகனுக்குக் கற்பிப்பதும் அந்தத் தாய்ப்பணியே.

7. நாம் செய்ய வேண்டியவை

வசதி குறைந்த குடும்பங்கள் எதை முதலில் செய்வது என்று அறிய வேண்டும். எமது ஆலோசனை இந்த ஒழுங்கில் அமைகின்றது.

அ. மகளுக்குப் பாடசாலையில் கிடைக்கும் ஊசியைத் தவறவிடாதீர்கள். பாடசாலையிலிருந்து வரும் கடிதம் எந்த மொழியில் இருந்தாலும், விளங்காவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். மகளுக்கு ஊசி போடுவது மகனையும் காக்கும் முதற்படி.

ஆ. நீங்கள் 35 அல்லது 45 வயதை எட்டியிருந்தால் சுவநாரி கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது இலவசம். வெட்கத்தினால் தள்ளிப்போடாதீர்கள்.

இ. மகனுக்கான ஊசி அரசின் இலவசத் திட்டத்தில் இடம்பெறவில்லை. தனியாரிடம் பணம் கொடுத்தே பெற வேண்டும். வசதி உள்ளவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஆலோசனை கேட்டுப் போடலாம். ஒரே ஊசியும் பயன் தரும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளதால், எத்தனை ஊசி வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் இதற்காக நகையை அடகு வைக்கவோ வட்டிக்குக் கடன்படவோ வேண்டாம்.

ஈ. ஆண்பிள்ளைகளையும் இலவசத் திட்டத்தில் சேர்க்குமாறு கேட்பது எமது உரிமை. தனி ஒரு தாயின் குரல் மெலிந்தது. அன்னையர் குழுக்கள் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரி ஊடாக எழுத்தில் வேண்டுகோள் விடுக்கலாம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் ஆறாம் வகுப்பு மாணவியர் எத்தனை பேர்? ஊசி தவறியவர்கள் யார், ஏன்?
2. வாடிக்குச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் குழுவில் யார் பொறுப்பெடுப்பது?
3. எமது குழுவில் 35 வயதைக் கடந்தும் பரிசோதனை செய்யாதவர்கள் எத்தனை பேர்? எந்த நாளில் ஒன்றாகச் செல்லலாம்?
4. மகனோடு இவ்விடயத்தைப் பேசத் தடையாக இருப்பது என்ன? தகப்பன்மாரை எவ்வாறு சேர்த்துக்கொள்வது?

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் தத்தமது பிள்ளைகளின் ஊசி அட்டைகளைத் தேடி எடுத்து வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் அக்கூட்டத்துக்கு அழைப்போம்.