துவர்ப்புக்கு வயிறு பழகணும்

செக்கானூரணிப் பக்கம் எங்க தோட்டத்துல விளையுற கேப்பையை ஞாயித்துக்கிழமை காலையில காளவாசலுக்குக் கொண்டுவந்து விற்பேன். போன வருசம் வாடிக்கையா வாங்குற அக்கா ஒருத்தர் பையைத் திருப்பிக் கொடுத்துட்டார். "தம்பி, துவர்க்குது. ரெண்டு நாள் களி கிண்டுனேன். பிள்ளைக வயிறு ஊதிப்போச்சுங்குதுக. இனி வேணாம்." அதே மாசம் இன்னும் மூணு பேர் நின்னுட்டாங்க. அடுத்த பட்டத்துக்கு வெள்ளைக் கேப்பை விதைச்சிறலாமான்னு யோசிச்சேன்.

அப்பத்தான் ஒண்ணு உறைச்சது. புது ஆடு வாங்கிட்டு வந்தா, முதல் நாளே கூடை நிறையக் கருவேலங்காயைக் கொட்டுவோமா? கொஞ்சம் கொஞ்சமாத்தானே பழக்குவோம். ஆட்டுக்குச் செய்யுற அந்த முறையை, என்கிட்ட வாங்குறவங்களுக்கு நான் சொல்லவே இல்லை.

துவர்ப்பு எங்கே இருக்கு?

பழுப்புக் கேப்பையின் தோலில் டானின் முதலான பீனால் பொருட்கள் இருக்கின்றன. பூஞ்சணத்தையும் பூச்சியையும் எதிர்க்கப் பயிர் தனக்குத் தானே செய்துகொள்ளும் மருந்து அது. வெள்ளை ரகத்தில் இது குறைவு. மருந்து தெளிக்காத நமக்கு அந்தத் துவர்ப்பு ஒரு காவல்காரன்.

வயிற்றில் என்ன நடக்குது?

இந்தப் பொருட்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்க வேண்டும். பல நுண்ணுயிர்களுக்கு பீனால் ஆகாது. சிலது அதோடு வாழப் பழகியவை. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் அதில் ஒன்று. செடிகளின் மேலும், புளித்த மாவிலும், ஊறுகாயிலும், நம் குடலிலும் வாழும் உயிர் இது. டானினை ஒரு நொதியால் வெட்டி காலிக் அமிலமாக்கும். அந்த அமிலத்தை இன்னொரு நொதியால் மாற்றும்.

தானியத் தோலில் இருக்கும் கூமாரிக் அமிலத்துக்கும் தனி நொதி வைத்திருக்கிறது. அதற்கான மரபணு மற்ற நேரத்தில் பூட்டியே கிடக்கும். கூமாரிக் அமிலம் வந்து சேர்ந்தால்தான் பூட்டு திறக்கும். பூட்டு திறப்பது சீக்கிரம் நடந்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட உயிர்கள் குடலில் பெருகி நிற்க நாளாகும். தொடர்ந்து தீனியும் கிடைக்கணும்.

ஹவாய் ஆடு சொன்ன பாடம்

சவுண்டல் தழை தின்ற ஆஸ்திரேலியக் கால்நடைகள் நோய்ப்பட்டன. அதே தழையைத் தின்ற ஹவாய் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1980-களில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஹவாயிலிருந்து ஆட்டு வயிற்று நுண்ணுயிர்களைக் கொண்டுபோய் அங்கே செலுத்தினார்கள். அங்கும் நஞ்சு முறிந்தது. 1992-ல் அந்த நுண்ணுயிருக்கு சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சீ என்று அவர் பெயரையே வைத்தார்கள். சவுண்டலின் நஞ்சு டானின் அல்ல, மைமோசின். ஆனாலும் பாடம் ஒண்ணுதான்: தீனி செரிப்பது அதை உடைக்கத் தெரிந்த உயிர் வயிற்றில் இருப்பதைப் பொறுத்தது.

வாங்குறவங்களுக்கு என்ன சொல்லலாம்?

முதல் ரெண்டு வாரம் களி வேண்டாம். மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைத்து, காய்ச்சி, சின்ன டம்ளர் கூழில் ஆரம்பிக்கலாம். புளிக்கும்போதே நுண்ணுயிர்கள் பாதி வேலையைப் பானையில் முடித்துவிடும். முளைகட்டினாலும் டானின் குறையும். பிறகு அளவைக் கூட்டலாம். நடுவில் விட்டுவிட்டால் மறுபடி கொஞ்சத்திலிருந்து தொடங்கணும்.

ரெண்டு விசயத்தை மறைக்கக் கூடாது. வாயு நார்ச்சத்தாலும் வரும். எல்லாப் பழியும் துவர்ப்புக்கு இல்லை. டானின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவர்கள் புளிக்க வைத்தோ முளைகட்டியோ சாப்பிடுவது நல்லது. கூடவே எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கலாம்.

இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்த அக்காவுக்கு அரைக் கிலோ மாவோடு கொடுத்தேன். இப்பவும் அவங்க வீட்டுல களிக்கு இடமில்லை. கூழ் மட்டும் ஓடுது. மாசம் ரெண்டு கிலோ வாங்குறாங்க. நின்னுபோன மூணு பேர்ல ஒருத்தர்தான் திரும்பி வந்தார். இந்தப் பட்டத்துக்கும் பழுப்புக் கேப்பையே விதைச்சிருக்கேன். நீங்களும் தானியத்தோட ஒரு சீட்டைச் சேர்த்துக் கொடுங்க.