வளையத்தை அளக்கும் முன்

அன்புள்ள தேன்மொழிக்கு,

மீன்பண்ணை பாக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பை ஆய்வுத் தலைப்பாக எடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெட்ரி தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் தெரியும் வளையத்தை அளந்து, மருத்துவமனை ஆய்வகத்தில் தொங்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு, எதிர்ப்பு உண்டு அல்லது இல்லை என்று எழுதினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது அம்மா. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு அதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த அட்டவணை மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களை 35 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வளர்த்துப் பார்த்து உருவானது. மீனின் உடல் வெப்பமோ அது நீந்தும் தண்ணீரின் வெப்பம். சால்மன் மீன்களின் உடலில் கட்டிகளை உண்டாக்கும் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா அந்தச் சூட்டில் ஒழுங்காக வளராது. அதை 22 டிகிரியில் 44 முதல் 48 மணி நேரம் வளர்த்துப் பார்க்கச் சொல்கிறது சர்வதேச நெறிமுறை. இங்கேதான் கவனம் தேவை. மெதுவாக வளரும் பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் படலமாவதற்குள் மருந்து தட்டிலுள்ள அகார் ஊடகத்தில் வெகுதூரம் பரவிவிடுகிறது. வளையம் பெரிதாகிறது. அந்தப் பெரிய வளையத்தை 35 டிகிரி அட்டவணையில் வைத்துப் பார்த்தால், எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாகூட மருந்துக்குக் கட்டுப்படுவதாகத் தோன்றும்.

அகாரும் அப்படியே. முல்லர்-ஹின்டன் அகார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். மெலிந்தால் வளையம் விரியும், தடித்தால் சுருங்கும். தடவும் பாக்டீரியாக் கரைசலின் கலங்கல் மெக்ஃபார்லாண்ட் 0.5 அளவைத் தாண்டினாலும் சுருங்கும். கடல் விப்ரியோக்களுக்கு உப்பு வேண்டும்தான். அதற்காகக் கடல்நீரிலேயே ஊடகம் தயாரித்துவிடாதே. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். மருந்து வேலை செய்யாததுபோல் தெரியும், உண்மையில் பாக்டீரியாவை அது சென்று சேர்ந்தே இருக்காது. சோடியம் குளோரைடு மட்டும் 1 சதவீதம் சேர். ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேருக்கு வழக்கமான ஊடகம் ஒத்துவராது, நீர்த்த ஊடகம் வேண்டும்.

இத்தனையும் சரியாக நடந்ததா என்பதற்குச் சாட்சி, ஒவ்வொரு முறையும் கூடவே வைக்கும் கட்டுப்பாட்டு பாக்டீரியா: ஏடிசிசி 25922 எண்ணுள்ள ஈ. கோலை, ஏடிசிசி 33658 எண்ணுள்ள ஏரோமோனாஸ். அவற்றின் வளையம் குறித்த எல்லைக்கு வெளியே போனால் அன்றைய தட்டுகள் அனைத்தையும் தள்ளிவிட்டு மறுபடி செய். மனம் வராது. ஆனாலும் செய்.

மாதிரி எடுப்பதிலும் அவசரம் வேண்டாம். மிதக்கும் செத்த மீனில் வளர்வது நோய் தந்த பாக்டீரியாவாக இருக்க வேண்டியதில்லை. சாகும் தறுவாயிலுள்ள மீனின் சிறுநீரகத்திலிருந்து எடு. ஒரே குளத்திலிருந்து எடுத்த ஒரே பாக்டீரியாவின் பல நகல்களைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணினால் சதவீதம் ஏமாற்றும்.

சரி, எந்த அளவுக்குக் கீழே வளையம் போனால் எதிர்ப்பு என்பது? பல ஆய்வகங்கள் ஒரே முறையில் அளந்த, ஒரே இனத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்களின் வளையங்களை வரைபடமாக்கினால், எதிர்ப்பு பெறாதவை ஒரு குன்றுபோலத் திரண்டு நிற்கும். சுவீடனைச் சேர்ந்த யோரான் க்ரோன்வால் அந்தக் குன்றின் பெரிய வளையப் பக்கத்தை மட்டும் கொண்டு எல்லையைக் கணக்கிடும் முறையைத் தந்தார். அந்த எல்லைக்குள் வராத பாக்டீரியா ஏதோ ஓர் எதிர்ப்பைப் பெற்றிருக்கிறது. அவ்வளவுதான் அதற்குப் பொருள். மருந்து பலிக்காது என்று அதிலிருந்து நேராக முடிவுக்கு வந்துவிடாதே. மீனின் உடலில் மருந்து எவ்வளவு சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும். பண்ணையில் மருந்து தீவனத்தில்தான் போகிறது, நோயுற்ற மீனோ தின்பதில்லை. அந்தத் தோல்வியையும் எதிர்ப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

எதிர்ப்பை அளப்பது ஒருபுறமிருக்க, மருந்தின் தேவையையே குறைக்க முடியும் என்பதற்கு நார்வேயின் கதையை நீ அறிய வேண்டும். 1964-இல் டென்மார்க்கிலிருந்து வந்த வானவில் ட்ரவுட்களோடும், 1985-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த சால்மன் குஞ்சுகளோடும் ஏரோமோனாஸ் கட்டிநோய் அங்கே நுழைந்தது. இதற்கும் குளிர்நீர் விப்ரியோ நோய்க்குமாக 1987-இல் அந்நாட்டுப் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் செலவிட்டன. இன்று 10 லட்சம் டன்னுக்கும் மேல் சால்மன் வளர்க்கும் அதே நாட்டில் அந்த ஆன்டிபயாடிக் செலவு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே. இதைச் சாதித்ததில் பெரும்பங்கு தடுப்பூசிக்கு உரியது.

நம் கடலோர இறால் பண்ணைகளுக்கு அந்த வழி திறக்கவில்லை. மீனைப்போல நோயை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கும் அமைப்பு இறாலுக்குக் கிடையாது. வெள்ளைப்புள்ளி நோயோ வைரஸால் வருவது, ஈ.எச்.பி. எனும் இறால் நோய் மைக்ரோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. இரண்டையும் ஆன்டிபயாடிக் தொடவே தொடாது. இருந்தும் இந்த நோய்களுக்கு அஞ்சிக் கொட்டப்படும் மருந்து, குளத்து பாக்டீரியாக்களில் எதிர்ப்புள்ளவற்றை மட்டும் வாழவிடுகிறது. எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் அவற்றின் பிளாஸ்மிட்கள் மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களுக்கும் தாவக்கூடியவை. கோலிஸ்டினை நீர்வாழ் உயிரின வளர்ப்பு உட்பட உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த 2019-இல் இந்தியா தடை விதித்தது அதனால்தான். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக உள்ள மருந்து அது. என் கருத்தைக் கேட்டால், தடைச் சட்டத்தைவிடப் பண்ணையாளருக்குப் பயன்படுவது அவர் நம்பக்கூடிய ஆய்வக முடிவு. இந்த மருந்து உங்கள் குளத்துக்கு உதவாது என்று ஆதாரத்தோடு சொல்ல ஆளிருந்தால், பணத்தைத் தண்ணீரில் கொட்ட எவரும் விரும்பமாட்டார்.

ஆகவே உன் பதிவேட்டில் ஒரு வழக்கத்தை முதல் நாளே தொடங்கு. எதிர்ப்பு என்ற சொல்லை மட்டும் எழுதாதே. வளையத்தின் அளவை மில்லிமீட்டரில் எழுது. பக்கத்திலேயே வெப்பம், மணி நேரம், ஊடகம், அன்றைய கட்டுப்பாட்டு பாக்டீரியாவின் அளவு நான்கையும் குறித்துவை. எல்லைகள் பின்னாளில் திருத்தப்படும். அப்போது எண்கள் இருந்தால் இன்னொருவர் உன் உழைப்பை எடுத்து மறுபடி கணக்கிடலாம், சொல் மட்டும் இருந்தால் முடியாது.

அன்புடன்,
அத்தை