ஐந்து வயது நிறைந்தால் குழந்தை யாரிடம்?

கேள்வி: கணவரைப் பிரிந்து இரண்டாண்டுகளாக மதுரையில் தம் பெற்றோருடன் வாழும் இந்துப் பெண் ஒருவரின் மகனுக்கு விரைவில் ஐந்து வயது நிறைவடைகிறது. அதன்பின் மகன் தந்தையிடமே சேர வேண்டும் எனச் சென்னையிலுள்ள கணவர் வீட்டார் கூறுகின்றனர். தந்தையின் வருமானமும் பன்மடங்கு அதிகம். தாயிடமே மகன் வளரச் சட்டம் இடமளிக்குமா?

பதில்: இடமளிக்கும். கணவர் வீட்டாரின் கூற்று, 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பாதி மட்டும் படித்ததால் எழுவது. பதினெட்டு வயது நிறையாதவரான இளவருக்குத் தந்தையையும், அவருக்கு அடுத்துத் தாயையும் இயற்கைக் காப்பாளராகக் கூறும் அப்பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறதே தவிர, ஐந்து நிறைந்ததும் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என எங்கும் கூறவில்லை. மேலும், இளவரின் சொத்து, ஆவணங்கள் முதலியவற்றில் அவர் சார்பில் முடிவெடுக்கும் காப்பாளர் நிலை வேறு, அன்றாடம் உடன் வைத்து வளர்க்கும் வளர்ப்புரிமை வேறு. முன்னதிலும் தந்தையின் முதலிடம் முழுமையானதன்று. தந்தை உயிருடன் இருக்கையிலேயே, அவர் பொறுப்பேற்காத சூழலில், தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு இளவரின் நலனையே தலையாய அளவுகோலாக வைக்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்பதை ரோசி ஜேக்கப் வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே நீதிமன்றம் பார்ப்பது, குழந்தையை இதுவரை கவனித்து வந்தவர் யார், பள்ளியும் பழகிய சூழலும் எங்குள்ளன, வேலைக்குச் செல்லும் பெற்றோர் இல்லாத நேரத்தில் துணையிருப்பவர் யார், வன்முறையோ குடிப்பழக்கமோ உண்டா என்பனவற்றையே. வருமான வேறுபாடு தனித்து நின்று வழக்கைத் தீர்மானிப்பதில்லை; அதிகம் ஈட்டும் தந்தை மகனின் ஜீவனாம்சத்தை, அதாவது பராமரிப்புத் தொகையை, அதிகமாகத் தர வேண்டும் என்ற முடிவுக்கே அது பெரிதும் உதவும். விவரம் அறிந்து விருப்பத்தைக் கூறும் வயது குழந்தைக்கு வந்திருந்தால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி நீதிபதி அதையும் கருத்தில் கொள்ளலாம்; ஐந்து வயதுச் சிறுவனின் சொல்லுக்கு அத்தகைய எடை கிடைப்பது அரிது, அவனுக்குப் பதில்களைச் சொல்லிக்கொடுப்பதும் வீண்வேலை.

காப்பாளர் மனு, இளவர் வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும் என 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு விதிப்பதால், மகன் நிலையாக மதுரையில் வசிப்பது உறுதியானால், சென்னையில் தாக்கலாகும் அத்தகைய மனுவின் அதிகார வரம்பை மறுக்கலாம். ஆனால் சென்னையில் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், அதன் 26ஆம் பிரிவின்படி அந்நீதிமன்றமே வளர்ப்புரிமை குறித்தும் ஆணையிடலாம்.

சட்டப்பிரிவுகளைவிடத் தாயின் வழக்கைப் பலமாகவோ பலவீனமாகவோ ஆக்கக்கூடியது, தந்தை மகனைப் பார்ப்பதற்கு அவர் காட்டும் இணக்கம். வளர்ப்புரிமை பெறாதவர் குறித்த நாள்களில் குழந்தையைக் காணும் சந்திப்பு உரிமையோடு, தொலைபேசி, காணொளி அழைப்பு வழியாகத் தொடர்பில் இருக்கும் உரிமையையும் யஷிதா சாஹு வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மகனுக்கு ஆபத்து ஏற்படும் என்பதற்குச் சான்று இருந்தால், நீதிமன்ற வளாகத்திலோ பிறர் முன்னிலையிலோ மட்டும் சந்திப்பு நடக்கும்படி கோரலாம். கணவர் மீதான கோபம் அதற்குக் காரணமாக ஏற்கப்படாது.

வளர்ப்புரிமை ஆணை எதுவும் இறுதியானதன்று. சூழ்நிலை மாறினால் அதை மாற்றக் கோரி எவரும் மீண்டும் மனுச் செய்யலாம். தாய் காத்திருக்கவும் தேவையில்லை. மதுரைக் குடும்பநல நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, வழக்கு முடியும்வரை மகன் தம்மிடமே இருக்க 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஆணை கோரலாம்.