பாசில்லஸ் காத்திருப்பதில்லை

கேள்வி: பாக்டீரியாவில் படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று படித்தேன். மிளகாய் விதை நேர்த்திக்கு அப்பா பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்கெட் வாங்கி வருவார். அதிலும் அப்படித்தானா?
— பிளஸ் டூ மாணவி, கீழப்பாவூர்

பதில்: முழுக்க அப்படி இல்லை. உங்கள் பாடத்தில் இருப்பது பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் கதை.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. அதனால் டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தூது ஆர்.என்.ஏ.வை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அதன் முன்முனையில், அதைப் படித்துப் புரதம் கோக்கும் ரைபோசோம் ஏறிவிடலாம். ஏர் ஓட்டுகிறவர் பின்னாலேயே அதே சாலில் கடலை போட்டுக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. 1970-இல் ஆஸ்கர் மில்லர் குழுவினர் ஈ.கோலையில் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தே காட்டினார்கள். வேகமும் பொருந்துகிறது: பாலிமரேஸ் நொடிக்குச் சுமார் 45 எழுத்துகள் எழுதினால், ரைபோசோம் சுமார் 15 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து. கணக்கு சரியாக வருகிறது. பாலிமரேஸ் வழியில் நின்றால், பின்னால் வரும் ரைபோசோம் அதை முன்னே தள்ளிவிடுகிறது. ரைபோசோம் பின்தங்கினாலோ, வெறுமையாகக் கிடக்கும் ஆர்.என்.ஏ.வில் ‘ரோ’ என்ற புரதம் ஏறிப் படியெடுப்பையே நிறுத்திவிடுகிறது.

பாசில்லஸ் சப்டிலிஸில் பாலிமரேஸ் ரைபோசோமுக்காகக் காத்திருப்பதில்லை. வெகுவாக முந்திப் போய்விடுகிறது என்று 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் நிறுவினார்கள். ரைபோசோம் அங்கேயும் முன்னதாகவே ஏறலாம். ஆனால் கூடவே ஓடுவதில்லை. ரோ இல்லாமல் ஈ.கோலை பிழைக்காது. பாசில்லஸ் பிழைத்துக்கொள்ளும்.

இதன் விளைவுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் போதுமா, இன்னும் தயாரிக்க வேண்டுமா என்று இரண்டு பாக்டீரியாவும் முடிவெடுத்தாக வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கு முன்னால், ஈ.கோலையில், டிரிப்டோஃபேனுக்கான குறியீடு அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. கையிருப்பு குறைந்தால் ரைபோசோம் அங்கே தயங்கி நிற்கும். ஆர்.என்.ஏ. ஒருவிதமாக மடியும், பாலிமரேஸ் மேலே போகும். நிறைய இருந்தால் ரைபோசோம் சட்டென்று கடந்துவிடும். ஆர்.என்.ஏ. வேறுவிதமாக மடிந்து, எழுதுவது அங்கேயே நின்றுபோகும். சார்லஸ் யானோஃப்ஸ்கி கண்டறிந்த இந்த ஏற்பாட்டுக்கு ரைபோசோம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பாசில்லஸில் அது நடக்காத காரியம். ஆகவே அது டிராப் என்ற தனிப் புரதத்தை வைத்திருக்கிறது: 11 துண்டுகள் சேர்ந்த வளையம். டிரிப்டோஃபேன் மிகுந்தால் இவ்வளையம் ஆர்.என்.ஏ.வைத் தன்மேல் சுற்றிக்கொண்டு படியெடுப்பை நிறுத்துகிறது. ரைபோசோமின் தயவே தேவையில்லை.

ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். அவருடைய ‘ஜீன் மெஷின்’ நூல் கிடைத்தால் படியுங்கள்.

தேர்வில் பாடத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ‘உதாரணம்: ஈ.கோலை’ என்று மட்டும் சேர்த்துவிடுங்கள். மதிப்பெண் குறையாது, விடையும் துல்லியமாகிவிடும்.