சாரல் நின்றால் மழை முடிந்ததா?

"செப்டம்பர் போகட்டும், மழை விட்டதும் காட்டுக்குள் ஒரு சஃபாரி போய்வரலாம்." சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்க வருகிறவர்கள் வண்டி ஏறும்போது இப்படிச் சொல்வதுண்டு. வடக்கே, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும், பெரும்பாலான புலிகள் காப்பகங்கள் ஜூலையில் மூடி அக்டோபரில் திறக்கின்றன. அந்தக் காப்பகங்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறார்கள்.

இங்கே மழைக்காலம் இரண்டு. ஜூன் முதல் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றோடு வருவது தென்மேற்குச் சாரல். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடும். நெல்லை, தென்காசிக் குளங்களை நிரப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது மழைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஆக, "மழை முடிந்து" என்று திட்டம் போடுகிறவர் குறிக்க வேண்டியது அக்டோபரை அல்ல, தை மாதத்தை. மாசி பிறந்தால் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தபின், அந்த மாதங்களில் மலையேற்றத்துக்கு வனத்துறை எளிதில் வழிவிடுவதில்லை.

மழை விட்டதும் விலங்குகள் கூட்டமாகத் தண்ணீருக்கு வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. நேர்மாறு. மழைக்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் கிடக்கும்போது அவை ஏன் ஒரே இடத்துக்கு வரவேண்டும்? தேக்கடி ஏரிக்கரையில் யானைக் கூட்டத்தை எளிதாகப் பார்ப்பது கோடையில்தான். மழைக்குப் பின் கிடைப்பது வேறு: இளம்புல்லை மேய ஓரத்துக்கு வரும் மிளாவும் காட்டுமாடும்.

புலிகள் காப்பகம் என்றால் புலி தெரிந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் களக்காடு முண்டந்துறையில் ஏமாறுவார்கள். 1988-இல் அமைந்த அது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆனால் மேலே ஏற ஏறப் பசுமைமாறாக் காடு. பத்தடிக்கு அப்பால் இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. புள்ளிமான் கூட்டம் அங்கே பெருகுவதில்லை, அதனால் புலியும் குறைவுதான். காதைத் தீட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் காடு வஞ்சனை செய்யாது. கருமந்தியின் கனத்த குரல் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். மலை அணில் நீண்ட வாலைத் தொங்கவிட்டுக் கிளையில் படுத்திருக்கும். இருவாச்சி பறந்தால் பழைய நீராவி ரயில் மூச்சு விடுவதுபோலச் சிறகுச் சத்தம் முதலில் வரும், பறவை பிறகு. புலிக்காகக் கழுத்து வலிக்க ஜன்னலில் தொங்குபவர் இவற்றையெல்லாம் தவறவிடுவார்.

குற்றாலம் வேறு, காடு வேறு என்று நினைப்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. குற்றாலத்து மலை 2015 முதல் நெல்லை வன உயிரினச் சரணாலயத்தில் சேர்ந்தது. செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் அனுமதியில்லாமல் ஏறுவது சரணாலயத்துக்குள் அத்துமீறுவதுதான். கீழே தண்ணீர் குறைவாக விழுகிறது என்பதால் ஆபத்து இல்லை என்றும் ஆகாது. 2024 மே 17 அன்று, கோடையில், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. மழை பெய்வது மலைமேல். குளிக்கிறவர் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

யானை பார்க்கக் காட்டுக்குள் போகவேண்டியதில்லை என்று வடகரை, மேக்கரை விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். தென்னையும் வாழையும் சாய்ந்து கிடக்கும் தோப்பில் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார்கள். யானை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு செல்போனோடு ஓடுவது சஃபாரி அல்ல, தொல்லை.

அட்டைக்குப் பயந்து திட்டத்தையே கைவிடுபவர்களும் உண்டு. அட்டைக்கு விஷம் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கடிவாய் சற்று நேரம் கசியும், அவ்வளவே. பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தால் போதும்.

கடைசியாக, சூரியகாந்தியையும் காட்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசை. பூக்கள் ஆடி, ஆவணியில். தையில் வந்தால் அறுவடை முடிந்த வயல்தான் இருக்கும். ஆனால் அப்போது குளங்கள் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும். அதே பயணத்தை நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் வரை நீட்டினால், 1994-இல் சரணாலயமான அந்த ஊரில் வரித்தலை வாத்துகளையும், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் நாரைகளையும் பார்க்கலாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. ஹாரன் அடிக்காமல் போங்கள்.